அவித்த மாவும் ஆறு மீட்டரும்

டென்மார்க்கில் ஒரு விளையாட்டு மைதானத்தில் சும்மா நிற்க முடியாது. நின்றால், யாராவது ஒருவர் சிரித்த முகத்தோடு வந்து கையில் ஒரு வேலையைத் தந்துவிட்டுப் போவார். எனக்குக் கிடைத்தது ஒரு மஞ்சள் மேற்சட்டையும், நீளக் கைப்பிடி வைத்த ஒரு வாரியும். நீளம் பாய்கிறவர்கள் மணலில் விழுந்து எழும்பிப் போன பிறகு அந்தக் குழியை மட்டமாக வாரிவிட வேண்டும். சம்பளம் கிடையாது. ஒரு கோப்பை கோப்பியும், கறுவாத்தூள் போட்ட ஒரு சுருள் பணிசும் உண்டு. மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த மனிதர் நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பிடிக்கப் போய்விட்டார்.

அன்றைக்கு நான் அங்கே போனது ஒரு ரஷ்யப் பெண்ணைக் காரில் இறக்கிவிட. ரண்டர்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் நான் நெடுங்காலமாக வேலை செய்கிறேன். எங்கள் பிரிவில் யார் எப்போது வருவது என்று ஆள் ஒழுங்கு செய்வதும் என் தலையில்தான். ஆள் குறையும்போது வந்து நிற்கிறவர்களை இங்கே விகார் என்பார்கள். அவள் அப்படி வந்தவள். இருபத்தொரு வயது. படுக்கையை விட்டு எழும்பமாட்டேன் என்று அடம்பிடிக்கிற ஒரு அம்மா எங்களிடம் இருக்கிறார். அவரை, என்ன மாயம் செய்தாளோ தெரியாது, முதல் நாளே எழுப்பி, குளிப்பாட்டி, தலை இழுத்துச் சீவி, ஜன்னலோரம் இருத்திவிட்டு வந்தாள். இந்தப் பிள்ளையை விடக்கூடாது என்று நான் அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன். நல்ல விகார் கிடைப்பது லேசான காரியம் அல்ல. பலர் வருவார்கள், கைப்பேசியைப் பார்ப்பார்கள், போவார்கள்.

ஆனால் அவளுக்கு எங்கள் இல்லம் இடையில் வந்த ஒன்று. அவள் நீளம் பாய்கிறவள். தேநீர் நேரத்தில் அதை அவள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

"பாய்கிறது சரி பிள்ளை, வேலைக்கு என்ன செய்யப் போறாய்?"

"அதுதான் வேலை" என்றாள், முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல்.

நாங்கள் இருவரும் கதைப்பது டேனிஷில். அவளுடைய டேனிஷில் ரஷ்யா இருக்கும், என்னுடையதில் யாழ்ப்பாணம் இருக்கும். கேட்டுக்கொண்டிருக்கிற டேனிஷ்காரர்தான் பாவம். இங்கே எழுதும்போது அவளும் என் தமிழில்தான் கதைப்பாள், வேறு வழியில்லை. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் பிரிவில் இன்னொரு தமிழ்ப் பிள்ளை கூப்பிடுவதைக் கேட்டுப் பழகியது.

அவளுடைய கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கறக்க முடிந்தது. பெரிய ஆறு ஒன்று ஓடுகிற நகரம். வீட்டுக்கும் பஸ் நிற்கிற இடத்துக்கும் நடுவே பனி உருகுகிற காலத்தில் சேற்றுத் தண்ணீர் குளமாக நிற்குமாம். எல்லோரும் சுற்றிப் போக, எட்டு வயதில் இவள் புத்தகப் பையோடு தாண்டிப் போவாளாம். பார்த்த ஒரு ஆசிரியை இழுத்துக்கொண்டு போய் விளையாட்டுப் பள்ளியில் சேர்த்துவிட்டார். அதன் பிறகு காலையில் பாய்ச்சல், பின்னேரம் பாய்ச்சல். பதினேழாவது வயதில் ஆறு மீட்டர் இருபத்தொன்று பாய்ந்தாள். அந்த வயதுக்கு அது சின்ன விசயம் அல்ல என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. பேப்பரில் படமெல்லாம் வந்ததாம்.

அடுத்த வருடம் ஒரு மழை நாளில், ஓடிவந்து கால் வைத்து எழும்புகிற அந்தப் பலகையில் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் போய்விட்டது. அதைச் சுகப்படுத்திக்கொண்டிருந்தபோது, ஒரு டேனிஷ்காரரைக் கலியாணம் செய்து ரண்டர்ஸுக்குப் பக்கத்தில் குடியிருந்த தாய் இவளையும் கூப்பிட்டுக்கொண்டார். வந்து சேர்ந்த பிறகு போர் தொடங்கி, உலகம் இன்னொரு பக்கமாகத் திரும்பிவிட்டது. அவளுடைய ரஷ்யப் பாஸ்போட்டோடு வெளிநாட்டுப் போட்டிகளை நினைத்தும் பார்க்க முடியாது. ஆனால் இங்கே உள்ளூர்க் கிளப் போட்டிகளில் யாரும் பாஸ்போட் கேட்பதில்லை. மணலுக்கு ஆள் பேதம் இல்லை என்பாள்.

கால் சுகமாகிவிட்டது, பயம்தான் சுகமாகவில்லை. ஆறு மீட்டரை அவள் டென்மார்க்கில் ஒருநாளும் தொடவில்லை. ஓல்போர்க்கில் ஒரு பயிற்சியாளர், நல்ல பாய்ச்சல்காரர்களை மட்டும் சேர்த்து ஒரு குழு வைத்திருக்கிறார். அவர் இவளிடம் முடிவாகச் சொல்லியிருந்தார்: இந்தக் கோடை முடிவதற்குள் முறையான போட்டி ஒன்றில் ஆறு மீட்டர் பாய்ந்தால் குழுவில் இடம், தங்க அறை, எல்லாம் உண்டு. பாயாவிட்டால் இல்லை. இவளும் தனக்குள் ஒரு முடிவு எடுத்திருந்தாள். இந்தக் கோடையிலும் முடியாவிட்டால் ஸ்பைக் சப்பாத்தைக் கழற்றிவிட்டு எங்களிடம் நிரந்தர வேலைக்கு வருவது. நான்தான் மேலாளரிடம் பேசி அந்த வேலையை அவளுக்காகப் பிடித்து வைத்திருந்தேன். ஓல்போர்க் குழு தொடங்குவதும் எங்கள் வேலை தொடங்குவதும் ஒரே திங்கட்கிழமை. பாய்ந்தால் ஓல்போர்க், பாயாவிட்டால் நான். உண்மையைச் சொன்னால் எனக்கு இரண்டு பக்கமும் ஆசை இருந்தது.

அவளிடம் கார் இல்லை. வேலை முடிந்து மைதானத்துக்கு ஓட வேண்டும். எனக்கு வீட்டுக்குப் போகிற வழி. அப்படித்தான் ஒரு வாரிக்கு நான் சொந்தக்காரி ஆனேன்.

மணலுக்குப் பக்கத்தில் நின்றால் எல்லாம் நன்றாகத் தெரியும். தூரத்திலிருந்து அவள் ஓடிவருகிற ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். எனக்கு மயிர்க்கூச்செறியும். ஆனால் அந்த வெள்ளைப் பலகைக்குக் கிட்ட வந்ததும் ஏதோ நடக்கும். கண் கீழே போகும். கால் தடுமாறும். ஒன்றில் பலகைக்கு வெகு முன்னாலேயே எழும்பிவிடுவாள், அளப்பது பலகையிலிருந்துதான் என்பதால் அவ்வளவு தூரமும் நட்டம், அல்லது பலகையின் விளிம்பைத் தாண்டி மிதித்துவிடுவாள். சரியாக மிதித்தால் பக்கத்தில் நிற்கிற நடுவர் வெள்ளைக் கொடியைத் தூக்குவார், தாண்டி மிதித்தால் சிவப்புக் கொடி. பாய்ந்த பாய்ச்சல் கணக்கில் இல்லை. விரல் நுனி பட்டாலும் அதே சிவப்பு. அந்த மனிதரில் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல.

"இவ்வளவு தூரம் பாய்ஞ்ச பிள்ளைக்கு அரை விரலை விட்டுக் குடுத்தால் என்ன குறைஞ்சு போகுது?" என்று ஒரு நாள் கேட்டும்விட்டேன், டேனிஷில்.

"அதுதான் விதி" என்றார் அவர், மிகுந்த அன்போடு. இந்த ஊரில் சண்டை பிடிக்கக்கூட ஆள் கிடைக்காது.

கீழே பார்க்காதே, கீழே பார்க்காதே என்று கிளப் பயிற்சியாளர் கத்துவார். கத்தக் கத்த அவள் இன்னும் பார்ப்பாள். படியில் இறங்குகிறபோது கவனம் கவனம் என்று சொன்னால் எனக்கும் அப்படித்தான், கால் பின்னும். ஒவ்வொரு போட்டியும் முடிய, சப்பாத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, காரில் ஏறி ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வருவாள். நான் ஏதாவது அலட்டிக்கொண்டே ஓட்டுவேன். வேறு என்ன செய்வது?

ஆனி மாதத்தில் எங்கள் தமிழர் விளையாட்டு விழா வந்தது. ஓல்போர்க்கிலிருந்தும், தலைநகர்ப் பக்கத்து டோஸ்ட்ருப்பிலிருந்தும் கூடச் சனம் வரும். அந்த வருடம் ரண்டர்ஸில் நடத்துவது என்று முடிவு. என் கணவர் ஏற்பாட்டுக் குழுவில் இருந்தார். குழுவில் இருந்தார் என்றால், வீட்டில் ஒரு வேலையும் செய்யாமல் கைப்பேசியில் கதைத்துக்கொண்டு திரிந்தார் என்று அர்த்தம். அவளுக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டும், வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்றுதான் கூப்பிட்டேன்.

"நீளம் பாய்தல் இருக்கிறதா?" என்று கேட்டாள்.

"இல்லாமல்? இருக்கு. சங்கீதக் கதிரையும் இருக்கு, கயிறிழுத்தலும் இருக்கு."

ஒன்பது மணி என்று அழைப்பில் போட்டிருந்தது. அவள் அதை நம்பி அதற்கு முன்பே வந்துவிட்டாள். மைதானத்தில் அவளும் சில கடற்புறாக்களும்தான். உடம்பைச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி சூடாக்கி, அவள் களைத்துப்போன நேரத்தில்தான் ஒலிபெருக்கி வந்து சேர்ந்தது. பிறகு மங்கல விளக்கு, பிறகு பேச்சு, பிறகு இன்னொரு பேச்சு.

ஊரில் எங்கள் பள்ளிக்கூட வழக்கப்படி எல்லோரையும் இல்லம் என்ற பெயரில் அணி அணியாகப் பிரிப்பார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. நான் சிவப்பு. என் காரில் ஏறித் திரிகிற பிள்ளை சிவப்பு என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் உண்மையான பாய்ச்சல்காரி ஒருத்தி வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் நாலு இல்லத்துக்கும் பாசம் பொங்கிவிட்டது. விருந்தாளியைத் தாங்கள்தான் கவனிக்க வேண்டும் என்று நாலு தலைவர்களும் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் சீட்டுக் குலுக்கியதில் அவள் பச்சைக்குப் போனாள். அரை நாள் நான் பச்சை இல்லத் தலைவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அணிநடையில் பச்சைக் கொடிக்குப் பின்னால் அவளும் நடந்தாள். விளையாட்டுப் பள்ளியில் பழகியவள், இடது வலது தவறாமல் கால் வைத்தாள். மற்ற எல்லோரும் தாறுமாறாக நடந்தபடியால் பிழை விடுவது அவள்தான் போலத் தெரிந்தது. பார்த்துப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நடக்கிறபோது சிரித்த முதல் அணிநடை இதுதான் என்று பிறகு சொன்னாள். அவள் அப்படிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நீளம் பாய்தல் நேரம் வந்தபோது பலகையைக் காணவில்லை. இங்கே அது கழற்றி மாட்டுகிற பலகை. மாட்டாத நாட்களில் அந்த இடத்தை ஓடுபாதை நிறத்திலேயே ஒரு மூடியால் மூடிவிடுவார்கள். பலகை இருக்கிற அறைக்குத் திறப்பு வாங்க எங்கள் குழு மறந்துவிட்டது. மலசலகூடத் திறப்பு இருந்தது, சமையல் கூடத் திறப்பு இருந்தது. மைதானப் பொறுப்பாளருக்கு அடித்துப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு டேனிஷ்காரர் போன் எடுப்பாரா? என் கணவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"சுண்ணாம்பாலை ஒரு கோடு போடுவம்" என்றார் பாய்தலுக்குப் பொறுப்பான அண்ணை. ஊரில் அவர் பள்ளிக்கூட மைதானத்தில் வளர்ந்தவர்.

"ஐயோ அண்ணை, இது கொம்யூனின்ரை ஓடுபாதை. சுண்ணாம்பு பட்டால் எங்களை வித்தாலும் காணாது" என்றார் என் கணவர். நகரசபை என்றால் அவருக்கு எப்போதும் கொஞ்சம் நடுக்கம்.

அப்போதுதான் புட்டுக் கடையில் நின்ற அன்ரி சுண்ணாம்புக்குப் பதிலாக மாவைச் சொன்னார். மைதான ஓரத்தில் கூடாரம் போட்டு, சுடச்சுடப் புட்டு அவித்து, மாட்டிறைச்சிக் கறியோடு விற்றுக்கொண்டிருந்தார். பாய்தல் அண்ணை ஓடிப்போய் ஒரு சட்டி நிறைய மா கொண்டுவந்து தூவினார். தூவியும் ஒன்றும் தெரியவில்லை. சிவந்த ஓடுபாதையில் வறுத்த சிவப்பரிசி மாவைத் தூவினால் எப்படித் தெரியும்? அன்ரி தலையில் கை வைத்தார். அவித்த கோதுமை மாவையும் அரிதட்டையும் தூக்கிக்கொண்டு அவரே வந்துவிட்டார்.

"கொஞ்சம் மெல்லிசாய்ப் போடுங்கோ அன்ரி, ஒரு கோடு மாதிரி."

"போட்டது போட்டதாய் இருக்கட்டும் தம்பி. எல்லாருக்கும் வடிவாத் தெரியவேணும்" என்று அன்ரி அரித்துக்கொண்டே போனார். கட்டில் விரிப்பு ஒன்று விரித்த அகலத்துக்கு வெள்ளை வெளேரென்று மா கிடந்தது. இனி அதில் எது பலகை, எங்கே விளிம்பு?

அண்ணை யோசித்தார். "சரி, ஆர் எங்கை மிதிச்சாலும் பறவாயில்லை. மாவிலை கால் எங்கை பட்டுதோ, பெருவிரல் நுனியிலையிருந்து அளப்பம்." எங்கள் விழாவில் அன்றைக்குச் சிவப்புக் கொடிக்கு வேலை இல்லாமல் போனது இப்படித்தான்.

ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் அறிவித்தார்: "அன்பான பார்வையாளர்களே, நீளம் பாய்தல் காரணமாகக் கோதுமை மாப் புட்டு மட்டுப்படுத்தப்பட்ட அளவிலேயே உண்டு. வேண்டியவர்கள் உடனடியாகக் கடைக்குச் செல்லவும்." பாதிச் சனம் எழும்பிப் புட்டுக்குப் போனது, மீதிச் சனம் ரஷ்யப் பிள்ளையைப் பார்க்க மணலுக்கு வந்தது.

நான் அவளுக்கு விதியை விளக்கினேன். குனிந்து, சப்பாத்து நுனியால் மாவைத் தொட்டுப் பார்த்தாள். மெல்லிய மாதான், ஆணி வைத்த சப்பாத்துக்கு அது ஒரு பொருட்டல்ல.

"அப்ப பிழை என்று ஒன்றும் இல்லையா?"

"இல்லை. எங்கையும் மிதி. ஓடிவந்து பாய்."

அவள் என்னை நம்பாதவள் போல ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்து போனாள். தூரத்தில் போய் நின்றாள். பச்சை இல்லத்துப் பெண்கள் கை தட்டத் தொடங்கினார்கள், பொறுக்க முடியாமல் சிவப்பு இல்லத்து நானும் தட்டினேன். ஓடிவந்தாள். நான் வழக்கம்போல அந்தத் தடுமாற்றத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. முகமும் நாடியும் நிமிர்ந்தபடி, கண் எங்கோ மணலுக்கு அப்பால் நின்ற மரங்களில் இருக்க, மாவைப் புகையாகக் கிளப்பிக்கொண்டு எழும்பினாள். மணலின் அந்த மூலை வரை போய் விழுந்தாள். எங்கள் பெண்கள் யாரும் போகாத இடம், அங்கே மணலை யாரும் வாரிவிட்டிருக்கவில்லை.

இனி அளக்க வேண்டும். பாய்தல் அண்ணையிடம் இருந்தது ஐந்து மீட்டர் வரைக்கும் நீளுகிற தச்சர் நாடா. அதற்கு மேல் யார் பாயப் போகிறார்கள் என்று அவர் நினைத்ததில் பிழையும் இல்லை. ஐந்தாவது மீட்டர் முடிந்த இடத்தில் என் கணவர் மணலில் விரலைக் குத்தி வைத்துக்கொள்ள, நாடாவைச் சுருட்டி மறுபடி அங்கேயிருந்து இழுத்தார்கள். ஆறு இருபது என்றார் அண்ணை. விரல் நகர்ந்துவிட்டது, ஆறு பதினைந்துதான் என்றார் மஞ்சள் இல்லத் தலைவர். பச்சைத் தலைவர் ஆறு இருபத்தைந்துக்கு நின்றார். பெரிய வாக்குவாதம். ஆறுக்குக் கீழே சொல்ல மட்டும் ஒரு ஆளும் இல்லை.

அவள் அந்தச் சண்டையைக் கவனிக்கவே இல்லை. என் மகள் பாய்ச்சலைக் கைப்பேசியில் படம் பிடித்திருந்தாள். அதை வாங்கிக்கொண்டு இவள் புட்டுக் கடைக்குப் பின்னால் புல்லில் போய் இருந்தாள். நான் புட்டும் கறியும் கொண்டு போனேன். தட்டை மடியில் வைத்துவிட்டு அதையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். கறி ஆறியது. ஏதாவது மனத்தாங்கலோ, எங்கள் கூத்தைப் பார்த்துக் கோபமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

"என்ன பிள்ளை, ஏதும் பிழையோ?"

கைப்பேசியை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவளுடைய கண் நிறைந்திருந்தது.

"பாருங்கோ அக்கா. நான் கீழே பார்க்கவே இல்லை."

பிறகுதான் சாப்பிட்டாள். அப்படியொரு சாப்பாடு! அன்ரி மூன்றாம் முறை போட்டபோதும் வேண்டாம் என்று சொல்லவில்லை. உறைப்பில் மூக்கால் ஒழுகியபடி சாப்பிட்டாள்.

இந்தப் பாய்ச்சல் எந்தக் கணக்கிலும் சேராது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஓல்போர்க் பயிற்சியாளரிடம் போய், அவித்த மாவில் ஆறு மீட்டர் என்று சொல்ல முடியுமா? ஆனால் உடம்பு மறக்கவில்லை, அந்தப் பலகைதான் இடைஞ்சல் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த நாள் வேலைக்கு வந்ததும் முதல் கேள்வி: "அக்கா, அந்த மா எந்தக் கடையில் வாங்கலாம்?"

வாங்குகிற மா அல்ல அது, அவிக்க வேண்டும். என் குசினியில் மா அவிக்கிற நீத்துப் பெட்டி அடுப்பை விட்டு இறங்காத கோடை அது. கோதுமை மாவை அவித்து, கட்டியை உடைத்து, அரித்து, டப்பாவில் போட்டுக் கொடுப்பேன். பச்சை மாவே போதுமே, தூவத்தானே என்று என் கணவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நானும் அவளும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு பாய்ச்சல் வாய்த்த மாவை மாற்றிப் பார்க்க எங்களுக்குத் துணிவு இல்லை.

கிளப் பயிற்சியாளர் முதலில் மறுத்தார். மைதானத்தில் மா போட்டால் காகம் வரும், எலி வரும் என்றார். காகம் வந்ததும் உண்மைதான். கூட்டித் துடைத்துத் தருவது என் பொறுப்பு என்று நான் சொன்னதும், தோளை ஒருமுறை குலுக்கிவிட்டுச் சம்மதித்தார். ஒரு பாய்ச்சலைப் பார்த்த பிறகு அவரே அரிதட்டைக் கையில் எடுத்துவிட்டார்.

முதலில் கட்டில் விரிப்பு அகலம். அவள் பாயப் பாய, நாங்கள் மாவைக் குறுக்கிக்கொண்டே வந்தோம். குளிக்கிற துவாய் அகலம். பிறகு சேலைக் கரை அகலம். மாவுக்கு அடியில் எப்போது உண்மைப் பலகை வந்தது என்று அவளுக்கு நாங்கள் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இடையிடையே பழைய தடுமாற்றம் வந்தது. வந்தால் ஒரு பிடி மா கூடுதலாகப் போடுவோம். ஆவணி பிறந்தபோது பலகையில் ஒரு துளி மாவும் இல்லாமல் பாய்ந்தாள். ஆனால் அது பயிற்சி. கொடி தூக்க அங்கே ஆள் இல்லை.

கடைசிப் போட்டி ஓல்போர்க்கில், அந்தத் திங்கட்கிழமைக்கு முந்திய சனிக்கிழமை. அதற்கு முன் நடந்த ஒன்றில் மழை என்று அவளைக் கிளப் பயிற்சியாளர் இறக்கவில்லை. ஆகவே இருந்தது இந்த ஒன்றுதான். என் கணவர் காரை எடுத்தார். புறப்படுகிற நேரத்தில் அவள் எங்கள் இருவரையும் வாசல் படியில் இருக்கச் சொன்னாள். பயணம் போகுமுன் எல்லோரும் ஒரு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் போக வேண்டுமாம், ரஷ்யாவில் அப்படித்தானாம். இருந்தோம். நான் என் பங்குக்கு அவள் நெற்றியில் திருநீறு பூசிவிட்டேன். என் கணவர் அடுப்பை நிறுத்தினோமா, வீட்டைப் பூட்டினோமா என்று இரண்டு முறை இறங்கிப் பார்த்தார். மூன்று பேரும் அவரவர் நம்பிக்கைப்படி எல்லாவற்றையும் செய்து முடித்துக்கொண்டு வெளிக்கிட்டோம்.

ஓல்போர்க் மைதானத்திலும் ஒருவர் சிரித்தபடி எங்களை நோக்கி வந்தார். என் கணவரை முன்னால் தள்ளிவிட்டு நான் வேலிப் பக்கம் ஒதுங்கிக்கொண்டேன். அவருக்கு ஈட்டி பொறுக்குகிற வேலை கிடைத்தது.

முதல் பாய்ச்சல் சிவப்பு. அடுத்தது வெள்ளை, ஆனால் ஐந்து எண்பத்து மூன்று. பிறகு மறுபடி சிவப்பு. கடலிலிருந்து காற்று ஒரு பக்கமாக அடித்தது, வானம் இருண்டுகொண்டு வந்தது. மழை வந்துவிடுமோ என்று நான் மேலே பார்த்தேன், அவளும் மேலே பார்த்தாள். நனைந்த பலகை அவளுக்கு எதை நினைவூட்டும் என்று எனக்குத் தெரியும். தூறல் கையில் பட்டது. ஓல்போர்க் பயிற்சியாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்தப் போட்டியில் ஆளுக்கு நாலு பாய்ச்சல்தான், இப்போது அவளுக்கு ஒரே ஒரு பாய்ச்சல் மிச்சம்.

நான் வேண்டாத தெய்வம் இல்லை. திங்கட்கிழமை வேலை என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோனது. இந்தப் பிள்ளை பாய வேண்டும், அவ்வளவுதான். அதைவிட வேறு ஒன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அவள் தொடக்கத்தில் நின்று ஒருமுறை மூச்சை இழுத்து விட்டாள். ஓடிவந்தாள். கிட்டக் கிட்ட வர, நான் பலகையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளுடைய நாடியையே பார்த்தேன். அது இறங்கவில்லை. கால் பலகையில் விழுந்த சத்தம் வேலி வரைக்கும் கேட்டது. பிறகு மணல்.

விழுந்த இடத்திலேயே இருந்துவிட்டாள். கொடி அவளுக்குப் பின்னால். திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. அளக்க வேண்டும், எழும்புங்கள் என்று நடுவர் சொல்லியும் அசையவில்லை. கண்ணை மட்டும் உயர்த்தி வேலிப் பக்கம் என்னைத் தேடினாள். நடுவர் குனிந்து பலகையைப் பார்த்தார், இன்னொரு முறை பார்த்தார், பிறகு கையைத் தூக்கினார்.

"வெள்ளை! பிள்ளை, வெள்ளை!" என்று நான் தமிழில் கத்தினேன். அந்தச் சொல் அவளுக்குத் தெரியாது. என் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டு எழும்பினாள்.

அளந்தார்கள். குழிக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பலகையில் எண் வந்தது. ஆறு மீட்டர் ஏழு சென்ரிமீட்டர். ஓல்போர்க் பயிற்சியாளர் கட்டியிருந்த கையை அவிழ்த்து இரண்டு கையையும் மேலே தூக்கினார். ஒரு டேனிஷ்காரர் அப்படிக் கை தூக்கி நான் பார்த்ததில்லை. தூரத்தில் என் கணவர் ஈட்டியும் கையுமாகத் துள்ளிக்கொண்டு நின்றார்.

அவள் நேரே என்னிடம் ஓடிவந்தாள். தலையிலிருந்து கால் வரை மணல். வேலிக்கு மேலால் என்னைக் கட்டிப் பிடித்தாள். என் காதுக்குள் சொன்னாள்:

"அக்கா, திங்கட்கிழமை நான் வேலைக்கு வரமாட்டன்."

அந்தத் திங்கட்கிழமைக்கு என்னிடம் வேறு ஆள் இல்லை. அதற்கு அடுத்த கிழமைக்கும் இல்லை. நான் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக, அந்த மைதானம் முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

"வராதை பிள்ளை! வந்திடாதை!"